கையை ஆட்டினாலே போதும்

என் மனைவியின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றுதான்.

அவர் டிப்ளமா படித்தவர். பெரிய பெரிய மிஷின் செய்கிற ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, வீட்டுக்கு முன்னால் ஒரு ஹால், ஹாலுக்கு முன்னால் ஒரு தோட்டம். நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, அது என்னை விட்டதா என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கன்னடமும் தெலுங்கும் வாயால் சமாளிப்பேன். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் மட்டும் சுவரில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். தினமும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு குடோனில் பெட்டி தூக்குகிறேன். என் படிப்புக்கு அது பெரிய உத்தியோகம்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். வரும்போது பையில் அவருடைய பழைய வீடியோ கேம் மிஷினைக் கொண்டுவருவார். தங்கச்சி வீட்டு டிவி பெரிசாம். உண்மை அதுவல்ல. அவர் வீட்டில் அவரிடம் தோற்க ஆள் கிடையாது. இங்கே நான் இருக்கிறேன்.

அந்த மிஷினுக்குக் கையில் பிடிக்கிற கட்டை ஒன்று உண்டு, அதில் பத்துப் பதினைந்து பட்டன். எதை எப்போது அமுக்க வேண்டும் என்று திரையில் இங்கிலீஷில் வரும். நான் எழுத்தைப் பார்ப்பதா, பட்டனைப் பார்ப்பதா என்று யோசித்து முடிப்பதற்குள் என் ஆள் செத்துக் கிடப்பான். நான்கு பேர் எதிரில் என்னை "வாங்க மாப்ள" என்று கூப்பிடுகிற மனிதர், ஆட்டம் தொடங்கியதும் நீ, வா, போ என்று இறங்கிவிடுவார்.

"இன்னா மாப்ள, அது விரலா, பஜ்ஜிக்கு வச்சிருக்கிற வாழக்காயா?"

"பட்டன் சின்னதா கீது மச்சான்."

"பட்டன் சின்னது இல்லப்பா. மூள சின்னது."

எங்கள் வீடு, தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் மைன் ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான். இந்த வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் முகம் துடைத்துக்கொள்வார்கள். ஆகவே மச்சான் என்னைத் திட்டுவதை லைன் முழுக்கக் கேட்கும். திங்கட்கிழமை தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா, "நேத்து எத்தினி வாட்டி செத்த?" என்று அக்கறையாக விசாரிப்பாள்.

எனக்கு மச்சானிடமிருந்து ஒரே ஒரு சொல் வேண்டியிருந்தது. எங்கள் வாசலில், லைன் ஆட்கள் எதிரில், "தோத்துட்டேன்" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். வீடு, வாசல், புரமோஷன் எதுவும் நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்கிறவர், ஒரு மாலில் செக்யூரிட்டி, போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். புது மிஷின் வரப்போகிறது. டிவி மேல் கேமரா மாதிரி ஒரு கண் வைத்துவிடுவார்களாம். கையில் டார்ச் லைட் மாதிரி ஒரு கோல். அதை நீ ஆட்டினால் உள்ளே இருக்கிறவன் ஆடுவான். மட்டை மாதிரி வீசினால் மட்டை, கத்தி மாதிரி வீசினால் கத்தி.

"படிக்க ஒண்ணும் வேணாமா?" என்று கேட்டேன்.

"இன்னாத்த படிக்கிறது? கைய ஆட்டினாலே போதும்."

அந்த இடத்திலேயே எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. பரம்பரை பரம்பரையாகக் கையை ஆட்டித்தான் எங்கள் குடும்பம் பிழைக்கிறது. இந்த மிஷினை எனக்காகவே எவனோ ஒரு புண்ணியவான் செய்திருக்கிறான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மிஷின் கடைக்கு வரப் பல மாதம் இருந்தது. காத்திருந்த காலத்தில் நான் சும்மா இருக்கவில்லை. பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு பழகினேன். எங்கள் வீட்டில் ஒரு கையை நீட்டினால் சுவர், மறு கையை நீட்டினால் பீரோ. முதல் வாரம் டியூப் லைட் போனது. இரண்டாவது வாரம் மனைவியின் தலையில் பட்டது.

"ஏங்க, உங்களுக்கு இன்னா பேய் கீய் புடிச்சிருச்சா?"

"பயிற்சி."

"மிஷினே இன்னும் வரலியே. கொயந்த பொறக்கறதுக்கு முன்னாடி ஸ்கூல் பீஸ் கட்டற மாதிரி கீது."

அதற்குப் பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று திருப்பப் பழகினேன். ரயிலிலும் பழகினேன். முன்சீட்டுக்காரர் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டு, பங்காரப்பேட்டை வரும்வரை திட்டு வாங்கினேன். கன்னடத்தில் திட்டினார், தமிழில் திட்டினார், போதாமல் தெலுங்குக்கும் போனார். மூன்றும் எனக்குப் புரிந்தது. மொழி அறிவு சில நேரம் தொல்லை.

மச்சானிடமும் சொல்லி வைத்தேன். "அந்த மிஷின் வர்ட்டும். அப்பால பாக்கலாம்."

"இன்னா பாக்கறது?"

"நீங்க தோத்துட்டேன்னு சொல்லணும். இதே வாசல்ல நின்னு."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட அமுங்கிப்போனது. "சரிப்பா. சொல்றேன். நீ ஜெயி மொதல்ல."

மிஷின் வந்தது. அதை எப்படி வாங்கினேன் என்று மனைவி கேட்டு, சண்டை போட்டு, முடித்தாயிற்று. இங்கே மறுபடி வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக் கடையிலிருந்து நடந்தே வந்தேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. டிவியில் மாட்டினேன். கண்ணை மேலே வைத்தேன். கோலைக் கையில் எடுத்தேன். ஸ்விட்சைப் போட்டேன்.

திரை முழுக்க எறும்பு.

கோலை ஆட்டினேன். எறும்பு போய் வேறு எறும்பு வந்தது. மறுபடி ஆட்டினேன். ஒரு கட்டம் வந்து எதையோ கேட்டது. பூரிக்கட்டையில் கற்ற வித்தை முழுவதையும் இறக்கினேன். மிஷின் அசையவில்லை. கையை ஆட்டினால் போதும் என்பது ஆட்டம் தொடங்கிய பிறகுதான். அந்த வாசல்வரை போக இங்கிலீஷ் வேண்டும். இதை விளம்பரத்தில் யாரும் சொல்லவில்லை.

மனைவி பத்தாவது முடித்தவள், இங்கிலீஷ் எழுத்துப் படிப்பாள். தயவாகக் கூப்பிட்டேன்.

"நான் படிக்க மாட்டேன்."

"ஏம்மா?"

"எங்க அண்ணன அவமானப்படுத்தணும்னு மிஷின் வாங்கிகினு வந்தீங்க. அதுக்கு நானே ஸ்விட்ச் போட்டுக் குடுக்கணுமா? ஞாயித்துக்கெழம அவரே வருவாரு. அவராண்டயே கேளுங்க."

யாரைத் தோற்கடிக்க வாங்கினேனோ, அவர் வந்து படித்தால்தான் மிஷின் ஓடும். ஞாயிற்றுக்கிழமைவரை அது துண்டு போர்த்திக்கொண்டு கிடந்தது. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் கிடந்தேன்.

மச்சான் வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவருடைய கல்யாணத்தில்கூட நான் அதைப் பார்க்கவில்லை. நாற்காலி கேட்டார். தண்ணீர் கேட்டார். ஃபேனை அவர் பக்கம் திருப்பச் சொன்னார். எல்லாம் செய்தேன்.

"இதுல இன்னான்னு போட்டிருக்கு தெரியுமா மாப்ள?"

"தெரிஞ்சா உங்கள ஏன் மச்சான் கூப்டறேன்?"

"அதான் கேட்டேன்."

ஒவ்வொரு பக்கமாகப் படித்து, அமுக்கி, சிரித்துக்கொண்டே போனார். பாஸ்வேர்டு என்று ஒன்றை அவரே வைத்தார். அப்புறம் ஆடுகிறவர்களுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றார். அவர் பெயரைத் தட்டினார். என் பொம்மைக்கும் ஏதோ தட்டினார். வாசலில் நின்று பார்த்த இரண்டு காலேஜ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். என் மூஞ்சியைப் பார்த்தால் எப்போதும் யாராவது சிரிப்பார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்டம் டென்னிஸ். மச்சான் முதல் வீச்சிலேயே பீரோவைக் குத்தினார். "இந்தப் பொட்டிக்குள்ள எவன்யா ஆடுவான்?" என்று கையை உதறினார். அதனால் டிவியை வாசற்படிக்கு நகர்த்தி, தெருவைப் பார்த்துத் திருப்பி, நாங்கள் இருவரும் தெருவில் நின்றோம். லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. ஆனால் சாயங்கால வெயில் நேராக டிவி மேல் இருந்த கண்ணில் அடித்தது. உள்ளே இருந்த பொம்மைகள் இரண்டும் காக்காய் வலிப்பு வந்த மாதிரி துள்ளின.

"உன் மூஞ்சப் பாத்துட்டு மிஷினுக்கே கண்ணு கூசுது."

"உங்க வழுக்கையில பட்டு வெளிச்சம் எகிறுதோ என்னமோ மச்சான்."

இப்படி ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டு, சுரங்கத்து மண் குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டுக்குப் பின்னால் வெயில் இறங்கும்வரை நின்றோம். மேட்டு நிழல் தெருவில் விழுந்ததும் பொம்மைகள் அடங்கின. ஆட்டம் தொடங்கியது.

மச்சான் ஃபேக்டரி கிளப்பில் ஷட்டில் ஆடுகிறவர். கையை முழுக்க ஓங்கி, ஓடி, எம்பி அடித்தார். நான் முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, ஈ ஓட்டுகிறவன் மாதிரி மணிக்கட்டைத் திருப்பினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிஷினுக்கோ அவர் வியர்வை தெரியவில்லை. அவருடைய பெரிய வீச்சுக்கும் என் வெடுக்குக்கும் ஒரே பந்துதான் போனது. கொஞ்ச நேரத்தில் மச்சானுக்கு மூச்சு வாங்கியது.

"ஒழுங்கா ஆடுய்யா! கைய ஆட்டாம ஃப்ராடு பண்றான்!"

"இன்னாண்ணா, தோசக் கரண்டி புடிக்கிற மாதிரி நின்னுகினு உன்ன நாஸ்தி பண்றாரே!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

கடைசிப் பந்து. மச்சான் திரையைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் ஓடினார். எங்கள் தெருவின் ஓரத்தில் சாக்கடை. லைனில் பிறந்தவன் தூக்கத்தில் நடந்தாலும் அதைத் தாண்டித்தான் கால் வைப்பான். மச்சான் குவார்ட்டர்ஸ் ஆள். அங்கே சாக்கடைக்கு மூடி உண்டு. இல்லாத பந்துக்குக் கையை நீட்டியபடி முழங்கால்வரை உள்ளே இறங்கினார். பந்து அவரைத் தாண்டிப் போனது. டிவியில் பட்டாசு வெடித்தது.

லைன் சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். அவர் காலை வெளியே எடுக்கும்வரை பொறுத்தேன். அந்த மரியாதை எனக்கு உண்டு.

"சொல்லுங்க மச்சான்."

"இன்னாத்த சொல்றது? சாக்கடையில வுய்ந்தா அது கணக்குல வராது."

"மிஷின் பட்டாசு வெடிக்குது. யாரு ஜெயிச்சதுன்னு அங்கயே எய்தி கீது. நீங்கதான் படிச்சவரு. படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

திரையில் பெரிய பெரிய எறும்பு மின்னிக்கொண்டிருந்தது. மச்சான் படிக்கவில்லை. காலில் ஒட்டியதைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். மறுபடி அந்தக் காலேஜ் பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி வாசற்படியில் வந்து நின்று திரையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டினாள். அவள் முகம் மாறியது.

"இன்னாண்ணா இது?"

"சும்மா, தமாஷுக்கு."

"இன்னா எய்தி கீது?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "கைநாட்டு ஜெயிச்சாருன்னு போட்டுருக்கு."

நான் ஒரு ஜோக் சொல்லப் பார்த்தேன். எப்போதும் எனக்கு ஒன்று கிடைத்துவிடும். அன்றைக்குக் கிடைக்கவில்லை.

"அவர கைநாட்டுன்னு நான் சொல்லுவேன்," என்றாள் அவள் அண்ணனிடம். "தெனம் சொல்றேன். நான் கட்டிகினவ. நீ யாரு சொல்றதுக்கு?"

"உன் புருசனுக்கு ஒரு தமாஷு தாங்கல…"

"தமாஷ் பண்றவனுக்கு ஒரு தோல்வி தாங்கல. சொல்லுண்ணா. தோத்துட்டேன்னு சொல்லிட்டுப் போ."

அவர் சொல்லவில்லை. ஒரு கால் காய்ந்து ஒரு கால் நனைந்து, பையை எடுத்துக்கொண்டு, செருப்பு 'சளக் சளக்' என்று சத்தமிட, தெருமுனை திரும்பிவிட்டார்.

அந்தப் பெயரை மாற்றலாமென்று மனைவியே உட்கார்ந்து பார்த்தாள். மாற்றலாமாம். ஆனால் பாஸ்வேர்டு கேட்கிறது. அது மச்சான் மண்டைக்குள் இருக்கிறது. அவள் போன் செய்தாள். "வேணும்னா அவர வந்து கேக்கச் சொல்லு" என்று பதில் வந்தது. நான் போகவில்லை. மிஷினோடு தனியாக ஆடுகிறேன், நன்றாகவே ஆடுகிறேன். ஒவ்வொரு முறையும் அது பட்டாசு வெடித்து என்னை அந்தப் பெயரில் வாழ்த்துகிறது.

போன வாரம் செக்யூரிட்டிக்காரர் மச்சானுடைய குவார்ட்டர்ஸ் பக்கம் போவதாகச் சொன்னார். அவரிடம் சொல்லி அனுப்பினேன்: பெயரும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். கைநாட்டாகவே இருந்துகொள்கிறேன். வந்து அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

"இன்னா சொன்னாரு?" என்று திங்கட்கிழமை ரயிலில் கேட்டேன்.

"கதவச் சாத்திக்கினாருப்பா."

அவர் வருவதில்லை. அண்ணன் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ரசம் மட்டும்தான் என்று மனைவி முடிவு செய்துவிட்டாள். கோபம் யார் மேல், என் மேலா அவர் மேலா என்று கேட்டேன்.

"சாப்புடுங்க," என்றாள்.