புளி போட்டு மினுக்கிய ட்ரம்பெட்

சித்தியைப் பற்றி யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் "பியானோ ரீச்சர்" என்றுதான் சொல்வோம். ட்ரம்பெட் என்று சொன்னால் பத்து விளக்கம் கொடுக்க வேண்டும். பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன ஊதல் என்று கேட்காத அன்ரிமார் எங்கள் சிட்னிப் புறநகர் பிளாக்டவுனில் அப்போது குறைவு. சித்தி மன்னாரில் மாதா கோயில் பாண்ட் வாத்தியக் குழுவில் ஊதிப் பழகியவர். பெருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பாவாடையாக நடந்தவராம். அம்மா இதைப் பெருமையாகச் சொல்கிறாவா, முறைப்பாடாகச் சொல்கிறாவா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சிட்னி நகரத்துப் பெரிய ஒர்கெஸ்ட்ரா ஒன்றில் ட்ரம்பெட்டுக்கு ஓர் இடம் காலியானது. ஒரேயொரு இடம். இருப்பவர் ஓய்வு பெற்றால்தான் அப்படி ஒன்று வரும். வந்தால் ஊர்பட்ட பேர் போட்டிக்கு வருவார்கள். ஒடிஷனுக்கு, அதுதான் ஊதிக்காட்டுகிற தேர்வுக்கு, வரச் சொல்லிச் சித்திக்குக் கடிதம் வந்தது. அதை அவர் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தார். பால் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் அதை வாசித்தே ஆகவேண்டும்.

வீட்டில் ஊத முடியாது. ஊதினால் கீழ்வீட்டு மனிதர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பார். ஆகவே சித்தி விடிய ஐந்து மணிக்கு அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு போய், ரயில் ஸ்டேஷன் கார் பார்க்கில் ஒரு மூலையில் நிறுத்தி, கண்ணாடியை எல்லாம் பூட்டிக்கொண்டு பின்சீட்டில் இருந்து ஊதுவார். ஏழு மணிக்குத் திரும்பி வரும்போது கண்ணாடி முழுக்க உள்ளே வேர்த்திருக்கும். அப்பா துணியால் துடைத்துத் துடைத்துப் புறுபுறுத்துக்கொண்டே வேலைக்குப் போவார். ஆனால் ஒருநாளும் கார்த் திறப்பைக் கொடுக்காமல் விட்டதில்லை.

பின்னேரம் மூன்றரைக்குப் பியானோப் பாடம் தொடங்கிவிடும். எங்கள் முன்னறையில் ஒரு பிள்ளை போக ஒரு பிள்ளை வரும். அந்த நேரத்தையும் சித்தி சும்மா விடமாட்டார். ட்ரம்பெட்டின் வாய்த்துண்டை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை வாசிக்கும்போது "ப்ர்ர்ர்" என்று உதட்டை அதிரவைத்துப் பழகுவார். பிள்ளை பிழைவிட்டால் வாயிலிருந்து அதை எடுத்து, "மூண்டாவது விரல்" என்பார். திரும்பவும் ப்ர்ர்ர். சின்னப் பெடியன் ஒருவன் பியானோ என்றால் பக்கத்தில் ஓராள் ப்ர்ர்ர் என்று சொல்ல வேண்டும் போல என்று நம்பி, தன் வீட்டில் தாயைப் பக்கத்தில் இருத்தி அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறான்.

இரண்டு மாதம் பாடத்தை நிப்பாட்டு என்று அம்மா சொல்லிப் பார்த்தார். சித்தி கேட்கவில்லை. "இந்தப் பிள்ளையளுக்கும் சோதினை வருதெல்லோ அக்கா. எனக்கு மட்டும்தான் சோதினையோ?" அதற்குமேல் பேச்சில்லை. சித்தி ஒன்றை நினைத்துவிட்டால் மாதாவே இறங்கி வந்தாலும் மாற்ற ஏலாது என்று அம்மா குசினிக்குள் நின்று சட்டிக்குச் சொன்னார்.

சித்திக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரே அந்தரம். எனக்குத் தெரிந்த ஒரே குறை, அந்த ட்ரம்பெட்டின் கோலம். பழைய சாமான் கடையில் வாங்கியது. பூச்செல்லாம் போய்ப் பித்தளை கறுத்துக் கிடந்தது. இதைக் கொண்டுபோனால் எவன் வேலை கொடுப்பான்? எங்கள் வீட்டுக் குத்துவிளக்கும் அப்படித்தான் கறுக்கும். பெருநாளுக்கு முதல்நாள் அம்மா பழப்புளியும் உப்பும் போட்டு உரஞ்சினால் முகம் பார்க்கலாம். பித்தளை பித்தளைதானே.

ஒடிஷன் சனிக்கிழமை. வெள்ளி பின்னேரம் சித்தி முன்னறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போய்விட்டார். ஹரிஸ் பார்க் கடையில் வாங்கிய புளியில் பாதிக் கட்டியைக் கரைத்து, கைநிறைய உப்பைப் போட்டு, குசினித் தொட்டிக்குள் வைத்து உரஞ்சோ உரஞ்சென்று உரஞ்சினேன். என்ன மினுக்கம்! அந்தச் சந்தோசத்தில், உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டும் என்று மிச்சக் கரைசலை ட்ரம்பெட்டின் வாய்வழியாக ஊற்றிவிட்டேன்.

இரண்டாவது பிள்ளை போய் மூன்றாவது பிள்ளை வந்து இருக்கிற இடைவெளியில் சித்தி குசினிக்குள் வந்தார். நான் ட்ரம்பெட்டை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன். அவர் அதை வாங்கி, விரலால் வால்வுகளை அமத்தினார். ஊதும்போது சுரத்தை மாற்றுகிற மூன்று பொத்தான்கள் அவை. மூன்றும் போன இடத்திலேயே நின்றன. ஒன்றும் மேலே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா கடையால் வந்து, நிலைமையைக் கண்டு, கையை ஓங்கினார். "அடியாதேங்கோ அக்கா," என்றார் சித்தி. "எனக்குத் தண்ணி ஊத்த ஓராள் வேணும்."

குளியல் தொட்டியில் ட்ரம்பெட்டைப் பிரித்துப் போட்டு வைத்துக்கொண்டு, நான் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, சித்தி புளித்தும்பை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். மற்றப் பிள்ளைகளையாவது திருப்பி அனுப்பு என்று அம்மா கெஞ்சினார். ம்ஹும். முன்னறையில் பியானோ ஒலிக்க, குளியலறையில் முழங்காலில் நின்றபடி சித்தி, "கறுப்புக் கட்டை! கறுப்பு!" என்று கத்துவார். ஓடிப்போய் ஒரு பக்கம் காட்டிக் கொடுத்துவிட்டு ஈரக்கையோடு ஓடிவருவார். நான் விக்கி விக்கி அழுதுகொண்டு தண்ணீர் ஊற்றினேன். கடைசிப் பிள்ளை போகும்போது இரண்டு வால்வு பழையபடி ஓடின. நடு வால்வு மட்டும் கீழே போனால் மேலே வரக் கொஞ்சம் யோசித்தது. கழுவி, எண்ணெய் விட்டு, திரும்பக் கழுவி, என்ன செய்தும் அந்த யோசனை போகவில்லை. அடுத்தநாள் விடிய ஐந்து மணிக்கு சித்தி வழமைபோலக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

ஒடிஷனுக்குக் குடும்பமாகப் போனோம். நடையில் ஒரு கதிரையில் என்னை இருத்தினார்கள். ஒரு பெண் கதவைத் திறந்து பெயரைச் சொல்லாமல் "பதினொன்று" என்று கூப்பிட்டாள். என்ன மரியாதை கெட்ட சனம் என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவள் காட்டிய இடத்தில் சித்தி குதிச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். ஹெலன்ஸ்பர்க் கோயில் வாசலில் சைவ ஆட்கள் செருப்பைக் கழற்றுவதை நான் கண்டிருக்கிறேன். "பாத்தியே, வெள்ளைக்காரருக்கும் பயபக்தி இருக்கு," என்றார் அம்மா, செபமாலையை உருட்டியபடி. என் கோபம் ஆறிவிட்டது.

கதவுக்குப் பின்னால் ட்ரம்பெட் கேட்டது. அவ்வளவு நாளும் காருக்குள் அடைபட்டுக் கிடந்த சத்தம் ஒரு பெரிய மண்டபத்தில் எழும்பியது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஓரிடத்தில், வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரேயொரு சுரம் பிந்தியது. கண்ணிமைக்கிற நேரம்தான். பிறகு சித்தி கடைசிவரை ஊதி முடித்தார்.

மத்தியானம் ஒரு தாளை ஒட்டினார்கள். அதில் பதினொன்று இல்லை.

காரில் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. "சித்தி, மினுக்கத்தைப் பாத்தவையோ?"

சித்தி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி, "ஓம். முதல் பாத்ததே அதைத்தான்," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். திங்கட்கிழமை விடிய ஐந்துக்குக் கார் போனது. மூன்றரைக்குப் பியானோ தொடங்கியது. வேறொரு ஒர்கெஸ்ட்ரா, அதிலும் இல்லை. இரண்டு வருடம் கழித்து, முதல் கூப்பிட்ட ஒர்கெஸ்ட்ராவிலேயே இன்னோர் இடம் காலியாகி, சித்தியைத் திரும்பவும் கூப்பிட்டார்கள். ஒடிஷனுக்கு முதல்நாள் சித்தி வால்வு மூன்றையும் கழற்றித் தன் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, வெறும் குழலைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். "ம், புளியை எடு." இந்த முறை இடம் கிடைத்தது. என் புளியால்தான் கிடைத்தது என்பதில் எனக்கு அப்போது துளி சந்தேகமும் இல்லை.

பத்தொன்பது வயதில், பல்கலைக்கழக விடுமுறைக்கு, ஒரு மண்டபத்தில் கதிரை அடுக்கும் வேலைக்குப் போனேன். ஒருநாள் மேடையின் குறுக்கே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு தடித்த கறுப்புத் திரையைக் கட்டச் சொன்னார்கள். நாளைக்கு ஒடிஷனாம். முன்னால் இருந்து கேட்கிற நடுவர்களுக்கு வாசிப்பவரின் முகமோ நிறமோ தெரியக்கூடாதாம். பெயருக்குப் பதில் நம்பர்தானாம். சப்பாத்தை வெளியே கழற்றிவிட வேண்டும், குதிச்சத்தம் கேட்டால் வருவது பெண்ணென்று தெரிந்துவிடுமாம். காதால் கேட்பது மட்டும்தான் கணக்கு என்றான் கூட வேலை செய்தவன். சுரம் ஒன்று பிந்தினால் அதுவும் கேட்கும் என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

திரையின் பின்னால் நின்றபடியே சித்திக்குப் போன் எடுத்தேன். ஒர்கெஸ்ட்ராவில் சேர்ந்த பிறகும் அவர் பியானோப் பாடத்தை விடவில்லை. பின்னால் ஏதோ ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறி வாசிப்பது கேட்டது.

"சித்தி, அண்டைக்கு அந்த மினுக்கத்தை ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே?"

அந்தப் பக்கம் பிள்ளை ஒரு சுரத்தைப் பிழைவிட்டது.

"நான் பாத்தனான்," என்றார் சித்தி. பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி, "மூண்டாவது விரல்," என்றார்.