வரிசையாகப் பழுத்த பயிர்

விதைத்த நாளிலிருந்து நாள் எண்ணுவது என் பழக்கம். அக்காவின் வயலுக்கென்றே தனியாக ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்த வேளை, மழை பிடித்ததும் விட்டதும், கொக்கு இறங்கியது எல்லாம் அதில் உண்டு. ஆவணியில் விதைத்த அந்தச் சம்பாவின் பக்கங்களைப் புரட்டினால் இப்போதும் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன்.

வலங்கைமான் பக்கத்தில் அக்காவுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அத்தான் போன பிறகு அவளே பார்க்கிறாள். நடவு வயலில் தண்ணீரைக் கட்டிக் களையை அமுக்கிவிடலாம். அக்காவைப் போலப் புழுதியில் நேரடியாகத் தூவி விதைத்தால் நெல்லும் புல்லும் ஒன்றாக முளைக்கும். அதிலும் நெற்சக்களத்தி என்றொரு புல், கதிர் வரும்வரை அசல் நெல்லைப் போலவே நிற்கும். முந்தைய சம்பாவில் களையெடுக்க ஆள் கிடைக்காமல் பாதி வயல் புல்லாகிவிட்டது.

"இந்தத் தடவையும் இப்படின்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டுச் சென்னைக்குப் போயிடுறேன்டா. பையன் எனக்குன்னு ரூமுக்குப் பெயின்ட்டெல்லாம் அடிச்சு வச்சிருக்கான். பால்கனில கறிவேப்பிலை வளக்குறேன்" என்றாள் அக்கா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பழைய டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் களைக்கொல்லி தாங்கும் நெல்லைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். மருந்தை வயல் முழுக்க அடிக்கலாம். புல் சாகும், நெல் நிற்கும்.

"கத்தரிக்காய் வேணாம்னு கூட்டம் போட்டாங்களே, அந்த மரபணு சமாச்சாரமா?" என்று கேட்டாள் அக்கா.

"அது வேற உயிர்லேருந்து மரபணுவை எடுத்து உள்ள வச்சது. இது நெல்லோட சொந்த மரபணுவுலேயே ஒரு சின்ன மாற்றம். அப்படி மாறுன செடியைத் தேடிப் பொறுக்கிப் பெருக்கியிருக்காங்க. மருந்து செடிக்குள்ள போயி ஒரு கதவைப் பூட்டும். இந்த நெல்லுக்கு அந்தச் சாவி பொருந்தாது."

"நம்ம வீட்டு பீரோ மாதிரின்னு சொல்லு."

ஒரே ஒரு மா தந்தாள். மற்ற ஐந்திலும் வழக்கமான நெல். என் ஒரு மா பிழைத்தால் அவள் ஊரில் இருப்பாள், செத்தால் சென்னை. இதுதான் பேச்சு.

பதினைந்தாம் நாள் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். போனேன். நாட்குறிப்பில் அந்த ஒரு பக்கம் காலி.

இருபத்திரண்டாம் நாள், டப்பாவில் எழுதியிருந்ததை மூன்று முறை படித்து, அளந்து கலந்து, நானே மருந்தடித்தேன். அதன்பின் தினமும் விடிந்ததும் வரப்பில் நின்று புல்லையே பார்த்தேன். முப்பதாம் நாள் நெற்சக்களத்தி குருத்து வெளுத்துத் தலை சாய்ந்திருந்தது. கோரைகூட வாடியிருந்தது. இந்த வயதில் வரப்பில் குதித்தேன் என்று எழுத வெட்கம்தான், ஆனால் குதித்தேன்.

"கொஞ்சம் இங்க வந்து குதி" என்றாள் அக்கா.

நடுவயலில் நெல்லும் மஞ்சளாகப் பழுத்திருந்தது. அங்கே ஒரு திட்டு, வாய்க்கால் ஓரம் இன்னொன்று, கீழ மூலையில் பெரிதாக ஒன்று. அக்கா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மகனுக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை.

அந்நேரம் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்த, எங்கள் வயலில் எப்போதும் வேலை பார்க்கும் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். குனிந்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தவர், நிற்க முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சார், கையால தூவுன நெல்லு எங்கயாவது வரிசையில முளைக்குமா?"

பார்த்தேன். பச்சையாக நின்றதெல்லாம் கலைந்து கிடந்தது. பழுத்ததெல்லாம் சாண் இடைவெளியில் வரிசை பிடித்து நின்றது!

"நீங்க கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனப்ப நாங்க வந்து சொட்டையை அடைச்சோங்க. அந்த அஞ்சு மாவுல கொத்தா முளைச்சிருந்துச்சு, அதைப் புடுங்கி இங்க வச்சோம். எப்பவும் பண்றதுதானே."

இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அடர்ந்த இடத்தில் பிடுங்கி, முளைக்காமல் சொட்டை விழுந்த இடத்தில் வைப்பார்கள். எந்த வயல் நாற்று என்று யாரும் கேட்பதில்லை. மற்ற ஐந்து மாவின் நாற்று இந்த மருந்தைத் தாங்காது, இங்கே வைக்காதீர்கள் என்று சொல்லிவைக்க இத்தனை புத்தகம் படித்த எனக்குத் தோன்றவில்லை.

"அப்ப என் நெல்லு சாகல?" என்றாள் அக்கா.

"உங்க நெல்லு சும்மா ஜம்முனு நிக்குதுக்கா. நாங்க கூட்டியாந்த விருந்தாளிதான் போயிட்டான்."

அதற்குப் பிறகு மூவருக்கும் பைத்தியம் பிடித்தது போலத்தான். நான் காலிப் பக்கத்தைத் திறந்து திட்டுத் திட்டாகப் படம் போட்டேன். அவர் விரல் நீட்டிச் சொல்லச் சொல்ல, அந்தப் பதினைந்தாம் நாள் என் கண்முன் எழுந்து வந்தது. "இது நான் வச்சது, நூல் புடிச்சாப்புல இருக்கா? அந்தா வளைஞ்சு போவுதே, அது என் மருமவ. போன் பேசிக்கிட்டே வச்சா!" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

போன் அடித்தது. சென்னை மகன்.

"கறிவேப்பிலையை நீயே வையிடா" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எனக்கு இங்க சொட்டை அடைக்கிற வேலை கெடக்கு. இந்த வயல் நாத்தையே புடுங்கி இந்த வயல்லயே வைக்கணும், நான் பக்கத்துல நிக்கணும். உன் மாமனை நம்ப முடியாது, கல்யாணம்னா ஓடிடுவாரு."