காருக்குள் முளைத்த பயறு

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே நகரத்தை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறோம். சில மாதங்களாக, சிவப்பு விளக்கில் பிரேக் போடும்போதெல்லாம் என் இருக்கைக்கு அடியில் தண்ணீர் சளப்பென்று முன்னால் ஓடி வரும். பச்சை விழுந்து வண்டியை எடுத்தால் பின்னால் போகும். இந்த ஊரில் மழையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அந்த மழை என் காருக்குள் குடிவந்ததுதான் எனக்குப் புதிது. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நர்ஸ் நான். காரில்தான் பாதி நாள் போகிறது. ஈரக் கம்பள நாற்றம் சீருடையில் ஏறிவிட்டது. ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் பின்பக்கத்து மிதியடியைத் தூக்கினால், அங்கே பச்சைப்பயறு முளைத்திருந்தது. எப்போதோ பை கிழிந்து சிந்தியது. இரண்டு விரல் உயரம், வெளிறிய பச்சையில், வரிசைகூட ஓரளவு சரியாக.

கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் பயறைத் தெளித்துவிடுவோம். வயலில் மிச்சமிருக்கும் ஈரம் போதும். அறுத்துக் கட்டைத் தூக்கும்போது தாளுக்கு நடுவே முளை தலைகாட்டும். பயறுக்கு அயர்லாந்து என்ன, திருத்துறைப்பூண்டி என்ன, ஈரம் இருந்தால் சரி.

அந்த மிதியடிக்குப் பக்கத்தில்தான் என் பையும் கிடந்தது. அதற்குள் அண்ணன் இளவழகன் கூரியரில் அனுப்பிய பவர் பத்திரம். மறைந்த அப்பாவின் அறுபது செண்ட் வயலை விற்க எனக்கும் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே அப்பாவின் பட்டா நகல். ஐந்து வாரமாக அதைக் காரிலேயே சுமந்து திரிந்தேன். நேரமில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். மனமில்லை என்பதுதான் நிஜம்.

முதலில் கசிவைப் பிடிப்போம் என்று இறங்கினேன். வரப்பில் நண்டு வளை தேடிய கைகள் இவை. அடுத்த வயலில் தண்ணீர் கசிகிற இடத்துக்கு நேரே வளை இருக்காது, எங்கோ தள்ளி இருக்கும். நம் பக்கம் சேற்றைக் கலக்கிவிட்டு அந்தப் பக்கம் கலங்கல் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். காருக்குச் சேறு ஆகாது. அதனால் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்தேன்.

"மலர், இது காரா, மாரியம்மன் கோயிலா?" என்றார் என் கணவர் செல்வம். ஆனாலும் கூரைமேல் ஊற்றினார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே டார்ச்சோடு மல்லாந்து கிடந்தேன். சன்ரூஃப் கண்ணாடியின் ஓரத்திலிருந்து மஞ்சள் மெல்ல இறங்கி, சாம்பல் நிற உள்கூரையில் வரைபடம் போட்டது. வெளியே வந்து கண்ணாடியைத் திறந்து பார்த்தேன். சுற்றியுள்ள பள்ளத்தில் மூலைக்கு ஒன்றாக நான்கு ஓட்டைகள். அகப்பட்டாயா என்று நான்கையும் சிலிக்கான் பசையால் அடைத்தேன். அன்றைக்கு என்னைப் போல ஒரு கெட்டிக்காரி கால்வேயில் இல்லை.

திங்கட்கிழமை மழையில் கார் குளமாகிவிட்டது. பையை அப்போதும் நான் எடுத்து வைக்கவில்லை. பத்திரம் நனைந்து ஒட்டிக்கொண்டது. பட்டா நகலில் அப்பாவின் பெயர் நீலமாகப் பரவி நின்றது.

பக்கத்து வீட்டு ஷேமஸ் ஓய்வுபெற்ற விவசாயி. எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி வெளிய போற வழியை ஏன் அடைச்சீங்க?" என்றார்.

"அது உள்ள வர்ற வழி," என்றேன். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து, எங்கள் ஊரில் தண்ணீரை எப்படிக் கட்டுவோம், வளையை எப்படி வைக்கோலும் சேறும் வைத்து அடைப்போம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க அப்பா ஆயுசு பூரா தண்ணியை நிலத்தை விட்டு வெளிய அனுப்பத்தான் பாடுபட்டாரு. நீங்க உள்ள வைக்கப் பாடுபட்டிருக்கீங்க," என்றார்.

பசையைச் சுரண்டி எடுத்தார். ஓட்டைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் சக்கரத்துக்கு அருகே இறங்குகின்றனவாம். கூரையில் விழும் மழை அவற்றின் வழியாகத் தரைக்குப் போய்விடும். ஒரு குழாயில் இலைக் குப்பை அடைத்துக்கொண்டதுதான் ஆதி வியாதி. புல்வெட்டும் கருவியின் நைலான் நரம்பை மேலிருந்து மெல்ல விட்டு ஆட்டினார். முன்சக்கரத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. அதன் பின்னால் தண்ணீர் விடாமல் கொட்டியது.

எனக்கு முகம் சுட்டது. வடிகாலை அடைத்திருக்கிறேன். அதுவும் நான்.

எழுபதுகளில் எங்கள் தெருவில் செங்கொடி பறந்தது, கடைத்தெருவில் கறுப்பு சிவப்பு. எங்களுக்குத் தமிழ்ப்பெயர் வைத்தது கறுப்பு சிவப்பு, நிலம் கேட்கச் சொல்லிக்கொடுத்தது செங்கொடி என்பார் அப்பா. பண்ணையில் கூலிவேலை செய்த அவருக்கு, உச்சவரம்புக்கு மேல் எடுத்த நிலத்தில் அறுபது செண்ட் கிடைத்தது. மேடையில் பட்டா கொடுத்தார்கள், கை தட்டினார்கள். அது பள்ளக்கால், தண்ணீர் தேங்குகிற தாழ்ந்த நிலம். ஐப்பசி மழையில் பண்ணையார் ஆட்கள் வடிகாலில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். பயிர் அழுகினால் தானாக ஓடிவிடுவான் என்று கணக்கு. பட்டப்பகலில் அப்பா மண்வெட்டியோடு போய் வெட்டினார். தலையில் அடி விழுந்தது. அவரைத்தான் போலீஸ் மூன்று நாள் வைத்திருந்தது. அம்மா சோறு கொண்டுபோன தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். "தண்ணி எறங்கிடுச்சா?" என்பதைத் தவிர அவர் எங்களிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

பத்திரத்தை ரேடியேட்டர்மேல் விரித்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நம்ம வடிகால் தெறந்திருக்கா?"

"அது மண்ணு சேந்து தூந்து அஞ்சு வருசமாச்சு மலரு. தண்ணி நின்னு நின்னு பயிரு அழுவுது. அதனாலதான விக்கிறேன்ங்கறேன்."

"வெட்டக் கூடாதா?"

"நீ அங்கேருந்து சொல்லுவ. வெட்டி வெட்டி ஒடிஞ்ச முதுவு என்னோடது. நீ வந்து வெட்டு."

அவர் சொன்னது நியாயம். வருடத்துக்கு மூன்று வாரம் போய், வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறவள் நான். வெட்கமாக இருந்தது. "பொங்கலுக்கு வர்றேண்ணே. நானே புடிக்கிறேன் மம்பட்டிய," என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு நோயாளி வீட்டு வாசலில் காரை நிறுத்தியிருந்தபோது வீடியோ வந்தது. முழங்கால் ஆழத்தில் அண்ணனின் கால்கள், மண்வெட்டி, புதிதாகப் பிளந்த களிமண். வயலில் நின்ற தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு திரண்டு ஓடியது. அவர் முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும்: "நீ சொன்னேன்னு வெட்டல. தண்ணி நிக்கிறத பாத்துக்கிட்டு என்னாலயும் இருக்க முடியல. பத்திரத்த காய வெச்சுப் பத்திரமா வை. இந்தப் போகம் பாப்போம்."

பத்திரம் காய்ந்து அப்பளமாக விறைத்திருக்கிறது. கையெழுத்து இல்லாமல் கார் டிராயரில் வைத்திருக்கிறேன். உள்கூரையில் மஞ்சள் கறை போகவில்லை. பயறு முளையை மட்டும் பிடுங்கி, தயிர் டப்பாவில் நட்டு ஜன்னலில் வைத்தேன்.

அன்று வீடியோ முடிந்ததும் வெளியே மழை பிடித்தது. காரைவிட்டு இறங்கி, குடை இல்லாமல் குனிந்து சக்கரத்தடியில் பார்த்தேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் வந்து நின்ற நோயாளி, ஏதாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை, தண்ணீர் இறங்கிவிட்டதா என்று பார்க்கிறேன் என்றேன்.