பெரியப்பாவின் வலது கை

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது எனக்கு எட்டு வயது. அவர் மைசூரில் ரயில்வே சரக்கு குமாஸ்தா. தசரா விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே மேஜைமேல் சாய்ந்துவிட்டார். ஒரு மாதத்தில் கால் ஓரளவு தேறியது. வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கியது. கையெழுத்துப் போட முடியாத ஒருவரை எத்தனை நாள் வேலையில் வைத்திருப்பார்கள் என்பதே எங்கள் வீட்டில் பேச்சு.

டாக்டர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே பேட்டரியும் கம்பிச்சுருளும் இருந்தன. அதிலிருந்து வரும் ஒயர்களின் நுனியில் பஞ்சு வைத்த இரண்டு தகடுகள். பஞ்சை உப்புத்தண்ணீரில் நனைத்து முன்கையில் வைத்தால், பெட்டி வண்டு போல இரையும். மடங்கிக் கிடந்த விரல்கள் தாமாக விரியும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "சிவசமுத்திரம் அருவிலேர்ந்து வர்ற கரண்டு விளக்குக்குத்தான்னு நெனச்சேன்" என்றார்.

டாக்டர் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். "காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். கரண்டை ஸ்வல்ப ஸ்வல்பமா கூட்டுங்கம்மா. அவரும் கையைத் தூக்கப் பாக்கணும்."

பெரியம்மா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. கொள்ளேகாலில் நடந்த தன் தம்பி கல்யாணத்துக்கும் போகவில்லை.

ஒரு நாள் காலை. பெரியம்மா கட்டிலருகே நின்று கிண்ணத்தில் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியை இன்னும் முடுக்கவில்லை. பெரியப்பாவின் கை நடுங்கியபடி, தானாக, தோள் உயரத்துக்கு எழுந்தது. அப்பா கூப்பிட, அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து அழுதாள்.

பெரியம்மாவை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்தேன். கிண்ணம் கீழே விழுந்து கிடந்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்று, இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்திருந்தாள்.

பெரியப்பாவும் பார்த்திருக்கிறார். கையை மெல்ல இறக்கி மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல, வா" என்றார்.

நான் பெரியம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "பயப்படாதீங்க பெரியம்மா. பெட்டி இன்னும் போடவேயில்ல."

"சரி கண்ணு" என்றாள். தரையைத் துடைத்தாள். மறுபடி உப்புக் கரைத்து, பஞ்சைப் பிழிந்து, அதே கையில் கொண்டுபோய் வைத்தாள்.

கோடையில் பெரியப்பா வேலைக்குத் திரும்பினார். கையெழுத்து கோணல்தான், செல்லுபடியாயிற்று.

பக்கவாதத்துக்கு முன்பு அந்தக் கை பெரியம்மாவை என்னவெல்லாம் செய்தது என்று அம்மா என்னிடம் சொன்னது, எனக்குக் கல்யாணமான பிறகு. கை சரியான பின்னும் ஓங்கினாரா என்று நான் கேட்கவில்லை. எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியம்மாவுக்குக் கரண்டு என்றால் பயம் என்பதுதான். டாக்டர் பெட்டியை எடுத்துப் போகும்வரை, அது அவளை ஒன்றும் செய்துவிடாதபடி, தினமும் இரண்டு வேளையும் அதன் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்தேன்.