பழைய ஹைபிரிட்டும் தெமோதரை ஏத்தமும்

பழைய கார் விற்கும் தொழிலில், வாங்க வருகிறவருக்கு விற்பது சுலபம்; அவரோடு கூட வருகிற நாலு பேருக்கு விற்பதுதான் கஷ்டம். பழைய வாகனம் ஒன்றை வாங்கி, மழையில் அதைத் தள்ளிக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்குமென்றால் வாங்க, நாமெல்லாம் சொந்தக்காரர்கள்தான்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணம் கட்டி, மகள் நடக்கப் பழகின நேரத்தில், பதுளை டவுனுக்கு வெளியே நஸீர் நானாவின் வாகன யார்டில் வேலை கிடைத்தது. கார்களைத் துடைப்பது, வந்தவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றுவது, தமிழ் ஆட்களோடு பேசுவது இதெல்லாம் என் வேலை. மகளைப் பார்க்க ஆளில்லாததால் அவளும் கூடவே வருவாள். எந்தக் கார் நிழலில் நிற்கிறதோ அதுதான் அன்றைக்கு அவளுக்குத் தொட்டில். பெட்ரோலிலும் பாட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் என்ற பேரே எங்கள் பக்கம் புதிதாக இருந்த அந்தக் காலத்தில், கொழும்பில் இரண்டு கை மாறிய ஒன்றை நானா கொண்டுவந்து முன்வரிசையில் நிறுத்தினார். நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு காரின் கதைதான்.

சத்தம் இல்லை

முதலில் கேட்டு வந்தவர் ஹாலிஎலயில் மரக்கறி லொறி வைத்திருந்த முதலாளி. வாகனத்தின் நல்லது கெட்டதைக் காதாலேயே கண்டுபிடிக்கிறவர். பொனட்டில் காதை வைத்துக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார். நான் பட்டனை அழுத்தினேன். பச்சை எழுத்து எரிந்தது. அவர் காதை எடுக்கவில்லை. "ஸ்டார்ட் பண்ணச் சொன்னேனே?" "ஸ்டார்ட்லதாங்க இருக்கு." காலையில் நானா ஓட்டிவிட்டு வந்த சூடு ஆறவில்லை, அதனால் எஞ்சின் எழும்பவே இல்லை. மனுஷன் நிமிர்ந்து, என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்த மாதிரிக் காரை ஆறிப்போன பிறகு பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்போதுதான் எஞ்சின் தானாக எழும்பி, தன் குரலைக் காட்டும். பட்டனை அழுத்தினதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம், அணையவே இல்லை என்றாலும் சந்தேகம். இதையெல்லாம் சொல்ல அன்றைக்கு எனக்கும் தெரியாது, கேட்க அவருக்கும் பொறுமை இல்லை. காதைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்: "ஓடுறதுக்கும் செத்துக் கெடக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாத வண்டி எனக்கு எதுக்கும்மா?"

பின்சீட்டு மூக்கு

அடுத்து வந்தவர் ஒரு டீச்சர். யாழ்ப்பாணத்து ஆள், பதுளையில் ரொம்ப காலமாகப் படிப்பிக்கிறவர். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். குடை, கைப்பை, கொப்பிக் கட்டு எல்லாவற்றையும் ஓரமாகச் சாய்த்து வைத்தார். அந்த ஓரத்தில்தான் சின்னச் சன்னல் மாதிரி ஒரு ஓட்டை இருந்தது. எங்கள் யார்டுக்கு வேலைக்கு வரும் மெக்கானிக் சிறிபால பாஸ் பதறிப்போய், சிங்களம் கலந்த தமிழில் கத்தினார்: "டீச்சர், அதை மூட வேணாம்! அது பாட்டரிக்கு மூக்கு."

பெரிய பாட்டரி பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் குளிரவைக்கும் காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் போகிறது. பாஸ் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கொழும்பு நாய் ஒன்றின் முடி முழுவதும் பஞ்சாக அடைத்துக் கிடந்தது. அதோடு என் மகள் திணித்த பிஸ்கட் பாதியும் இருந்தது. எல்லாவற்றையும் துப்புரவாக்கி, இனி அந்தப் பக்கம் எதையும் வைக்கக் கூடாது என்று நான் டீச்சருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இறங்கினார்: "பிள்ளை, சாமானுகளை வைக்கத்தானே நான் கார் தேடுறன்? வைக்க ஏலாதெண்டால் பஸ்ஸிலயே போறனே."

நியூட்ரல் பழக்கம்

இப்படிப் பலர் வந்து போன பிறகுதான் லெட்சுமணன் அண்ணனும் கமலா அக்காவும் வந்தார்கள். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். அண்ணன் தோட்டத்தில் லொறி ஓட்டியவர். அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அங்கே உழைத்ததையெல்லாம் போட்டு ஒரு காரை வாங்கி, அண்ணன் வாடகைக்கு ஹயர் ஓட வேண்டும், அக்கா வீட்டோடு இருக்க வேண்டும் என்பது கணக்கு. கார் சரியில்லை என்றால் அக்கா மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். இது அவர்கள் மகளுக்கும் தெரியும். ஸ்கூல் போகிற பிள்ளை, யார்டுக்குள் வந்ததிலிருந்து அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையிலிருந்து விடவில்லை.

அண்ணன் பதமாக ஓட்டினார். ஆனால் முதல் இறக்கம் வந்ததும் கை தானாகப் போய் நியூட்ரலில் தட்டிவிட்டது. எங்கள் மலைப்பக்கத்து டிரைவர்களைத் தெரியாதா? இறக்கம் கண்டால் கியரை விடுவித்து, எஞ்சினையும் அணைத்து, காற்றிலேயே போய்ச் சேர்கிறவர்கள். நானா முன்சீட்டிலிருந்து, "அண்ணே, இறக்கத்துலதான் இது பாட்டரிய நிரப்பும். நியூட்ரல்ல போட்டா ஒண்ணும் நெறயாது, பிரேக்கும் சூடேறும்" என்றார். அண்ணன் வெட்கத்தோடு கியரைத் திருப்பிப் போட்டார். பின்னாலிருந்து கமலா அக்கா போட்டார் ஒரு போடு: "சும்மா இருக்க விட்டாத்தான் இவருக்குச் சந்தோஷம், கியராவது ஓய்வெடுக்கட்டும்னு நினைச்சிருப்பாரு."

நல்ல நேரத்தில் படுத்தது

ஓட்டம் பிடித்துப்போய், நல்ல நாள் பார்த்து மறுபடி வந்தார்கள். கோயிலில் அர்ச்சனை செய்த தட்டு, டயர்ச் சில்லுக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம், கண்ணூறு கழித்துப் பார்வை பார்க்க அண்ணனின் மச்சான் எல்லாம் வந்திறங்கின. நான் பட்டனை அழுத்தினேன். ஒரு விளக்குகூட எரியவில்லை. மச்சான் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டடி பின்னால் போய்விட்டார்.

பெரிய பாட்டரி என்று எல்லோரும் பின்சீட்டையே பார்த்தோம். சிறிபால பாஸ் டிக்கியைத் திறந்தார். ஓரத்தில் சாதாரணப் பாட்டரி ஒன்று இருந்தது. அது படுத்துவிட்டால் பெரியது எவ்வளவு நன்றாக இருந்தாலும் கார் கண் விழிக்காது. மழை நாட்களில் ஓடாமல் நின்றது, என் மகள் ரேடியோவைத் திருகி விளையாடியது, இரண்டும் சேர்ந்து அதைக் காலி செய்திருந்தன. பாஸ் வேறொரு காரிலிருந்து வயர் கொடுத்து எழுப்பினார். அதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டதால் கமலா அக்கா கற்பூரத்தைத் திரும்பப் பையில் போட்டார்: "எங்களுக்கெல்லாம் நேரம் பார்த்தோம், காருக்கு நேரத்தைச் சொல்லாம விட்டுட்டோம் பாரு."

நானா கைதட்டினார்

ஆனாலும் அக்கா அன்றைக்கே காசைக் கொடுக்கவில்லை. "எங்க ஊரு மாதிரி ஒரு ஏத்தத்துல ஏறிக் காட்டுங்க" என்று பிடிவாதமாக நின்றார். சரியென்று தெமோதரைப் பக்கம் கிளம்பினோம். அண்ணன் ஓட்ட, நானா பக்கத்தில். நானும் அக்காவும் எங்கள் மகள்மாரும் பின்சீட்டில். திரையில் பாட்டரி கட்டங்கட்டமாகத் தெரிந்தது. ஏத்தத்தில் இரண்டு வளைவு தாண்டுவதற்குள் கட்டங்கள் மளமளவென்று இறங்கி, எஞ்சின் தனியாக முனக ஆரம்பித்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் பாட்டரியைக் குளிரவைக்கும் காற்றாடி இரைந்தது. "ஏத்தம்னா அப்படித்தான்" என்றார் நானா. திரும்பி இறங்கும்போது, ஏத்தத்தில் காலியானது அதே வேகத்தில் நிறைந்தது. நானா கைதட்டியே விட்டார்: "பார்த்தீங்களா, எவ்வளவு வெரசா நெறயுது! பாட்டரி புதுசு மாதிரி!" அண்ணனின் முகமெல்லாம் சிரிப்பு. அக்கா கைப்பையின் வாயைத் திறந்தார்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வயிற்றோட்டம் கண்டு வாடிப்போனாள். இரண்டு மடக்கு குடித்ததும் வயிறு நிறைந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் உடுப்பைச் சரிசெய்வதற்குள் பசித்து அழுவாள். தேறின பிறகு ஆற அமரக் குடித்தாள், குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினாள். சீக்கிரம் நிறைகிற வயிறு நல்ல வயிறு இல்லை என்பது பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரிந்ததுதானே? வாயை அடக்க முடியவில்லை. "நானா, இது குடிக்கிற மாதிரி காட்டுது, ஆனா குடிக்கல. இடம் இல்லாததாலதான் சுருக்கா நெறயுது. பாஸ்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்" என்றேன். அக்கா கைப்பையை மூடினார். யார்டுக்கு வந்து இறங்கியதும் நானா மெதுவாகக் கேட்டார்: "நீ எனக்கா வேல செய்ற, அவங்களுக்கா?"

பின்சீட்டைக் கழற்றினார்கள்

அடுத்த நாள் காலையில், வேலை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மகளின் பால் போத்தலைக்கூடப் பையிலிருந்து எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் ஹைபிரிட்டின் பின்சீட்டு வெளியே கிடந்தது. சிறிபால பாஸ் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, செம்மஞ்சள் வயர் இருக்கும் பக்கம் யாரும் வரக் கூடாது என்று என்னையும் மகளையும் விரட்டினார். பாட்டரி என்பது ஒன்றில்லை. வரிசையாக அடுக்கிய சின்னச் சின்னப் பாட்டரிகள். சிலது நன்றாக இருந்தன, சிலது சோர்ந்திருந்தன. சோர்ந்ததுதான் மற்றதையும் சேர்த்துப் படுக்கவைக்கிறதாம். அவற்றைக் கொழும்பில் மாற்றி எடுத்துவர ஏற்பாடாயிற்று.

நானா பிளேன்டீ குடித்தார். முடிந்ததும் கிளாஸை நீட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் புள்ள அம்மாட சீலையப் புடிச்சிக்கிட்டு நின்டதப் பார்த்தேன். அந்த அம்மா மறுபடி குவைத்துக்குப் போனா, நான் ஹல்துமுல்லைப் பக்கம் தலைகாட்ட ஏலாது."

மறுபடியும் தெமோதரை

பாட்டரி வந்து சேர்ந்ததும் நானாவே அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். அதே ஏத்தம், அதே ஆட்கள், கூடுதலாகச் சிறிபால பாஸ். இந்தத் தடவை கட்டங்கள் நிதானமாக இறங்கின. வளைவுக்கு மேல் வளைவு ஏறியும் பாதியில் நின்றன. காற்றாடி இருக்கிற இடமே தெரியவில்லை. இறங்கும்போதும் அவசரமில்லாமல்தான் நிறைந்தது. நானா கைதட்டவில்லை, கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஸ் ஒளிக்காமல் சொன்னார்: "புதுசு இல்லை அக்கா. நல்லா இருக்கு, அவ்வளவுதான். மூக்கை மூட வேணாம், இறக்கத்தில நியூட்ரல் வேணாம்." அடுத்த தீபாவளிக்குள் படுத்தால் தன் பொறுப்பு என்றார் நானா.

யார்டில் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அண்ணன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினார். அக்காவின் மகள் முதல் முறையாகச் சேலையை விட்டுவிட்டு, முன்சீட்டு யாருக்கு என்று என் மகளோடு சண்டைக்குப் போனாள். கமலா அக்கா பின்சீட்டில், மூக்கை மறைக்காமல் ஒதுங்கி உட்கார்ந்து, சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்: "இனி இது படுத்துச்சுன்னா நான் போக மாட்டேன் தங்கச்சி, இவரத்தான் அனுப்புவேன். அங்க துணி தோய்க்க ஆம்பளைகளையும் எடுக்கிறாங்களாம்."

ஆகவே, பழைய ஹைபிரிட் வாங்கப் போகிற என் சொந்தங்களே, விளக்கைப் பாருங்கள், மூக்கைப் பாருங்கள், டிக்கியைத் திறந்து பாருங்கள், ஒரு நல்ல ஏத்தத்தில் ஏற்றியும் பாருங்கள். ஆனால் விற்கிறவர் எந்த இடத்தில் கைதட்டுகிறாரோ அந்த இடத்தில் மட்டும் இரண்டாம் தடவையும் பாருங்கள்.