பசவராஜ் கொடுத்த பாதி

முதலில் அது செருப்பின் கோளாறு என்றுதான் நினைத்தேன். மூன்று ஜோடி மாற்றிப் பார்த்தேன். தர்மபுரி–ஏரியூர் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே பழகிய பாதங்கள், மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தன. சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு (பாதத்தின் நுண்ணிய நரம்புகள் பழுதாவது) என்றார் டாக்டர். டிப்போவில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினார்கள்.

என் வண்டி வேறொருவர் விசிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிறு எரியும். காலும் வயிறும் சேர்ந்து எரிந்த காலம் அது.

ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்துக்கான ஆய்வில் சேரக் கேட்டார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்குப் போலி மாத்திரை (பார்வைக்கு அதேபோல் இருக்கும், உள்ளே மருந்து இருக்காது). யாருக்கு எது என்பது கொடுக்கும் டாக்டருக்கே தெரியாது. கையெழுத்துப் போட்டேன்.

அங்கே பழக்கமானவர் பசவராஜ். ஏரியூர் விவசாயி, வீட்டில் கன்னடம் பேசுபவர். அவருக்கும் அதே எரிச்சல். வரப்பில் நிற்க முடியவில்லை. முதல் மாத டப்பாவோடு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபோது அவர்தான் யோசனை சொன்னார்.

"பாதிப் பாதி மாத்திக்கலாமுங்க. ஒருத்தருக்கு நெசம் வந்திருந்தாலும் ரெண்டு பேருக்கும் போயிச் சேருமில்ல?"

வேர்க்கடலை வாங்கினால்கூடப் பக்கத்து சீட்டுக்காரருக்கு நீட்டிவிட்டுத் தின்பவர்கள் நாங்கள். ஒருநாள் என்னுடையது, மறுநாள் அவருடையது. படிக்கும் நீங்கள் இதைச் செய்துவிடாதீர்கள். ஆய்வையே கெடுக்கும் தப்பு என்று எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆறாவது வாரம் இருவருக்கும் எரிச்சல் தணிந்தது. டாக்டரிடம் கெஞ்சி எழுதி வாங்கி மறுபடியும் பஸ் ஏறினேன். மூன்று மாதம். கம்பியில் முதுகைச் சாய்த்து, பென்னாகரம் வரை நின்றபடியே டிக்கெட் போட்டேன். ஏரியூர் நெருங்கும்போது வயலிலிருந்து பசவராஜ் கை காட்டுவார். என் கல்யாணத்தில்கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று சொன்னதற்கு மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

ஆய்வு முடிந்தது. மிச்ச மாத்திரைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் வாரமே எரிச்சல் திரும்பியது. அதே மருந்தைத் தாருங்கள் என்று கேட்கப் போய், மாற்றிக்கொண்டதையும் ஒப்புக்கொண்டேன். டாக்டர் திட்டவில்லை. எங்கள் இருவர் விவரங்களையும் ஆய்விலிருந்து தனியே எடுத்து வைக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். சில மாதம் கழித்து, யாருக்கு எது என்ற ரகசியம் வெளியான பிறகு, கூப்பிட்டனுப்பினார்.

"உங்க ரெண்டு பேருக்குமே போலிதாங்க வந்திருக்கு. ஆனா எரிச்சல் கொறஞ்சது பொய்யில்லைங்க."

டிப்போ மேஜைக்கே திரும்பிவிட்டேன். இப்போது கொடுக்கும் மருந்தில் எரிச்சல் ஓரளவு அடங்குகிறது. ஆனாலும் உள்ளே ஒன்றுமில்லாத அந்த மாத்திரைக்குத்தான் மனம் ஏங்குகிறது.

பசவராஜுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க டப்பாவுல இருந்து வந்தது ஒண்ணு, முழுங்காம, திருப்பியும் குடுக்காம வெச்சிருக்கறனுங்க. பஸ்ஸுல குடுத்தனுப்பட்டுங்களா?"

"அனுப்புங்க" என்றேன்.

ஏரியூரிலிருந்து பஸ் வந்து சேர இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் கால் குறைவாகத்தான் எரிந்தது.