துரை முடிக்காத வாக்கியம்

யுத்த காலம். பம்பாய் தாராவியில் நான் வேலை பார்த்த தோல் கிடங்கில் சரக்கு காணாமல் போய், பழி என்மேல் விழுந்தது. விசாரணைக்கு என் அய்யாவும் வந்தார். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. வெள்ளைக்கார துரை மூச்சுவிடும் இடத்திலெல்லாம் பக்கத்து மாதுங்காவிலிருந்து வந்த கிளார்க் ஒருவர் தமிழில் சொல்வார்.

பேச்சின் நடுவே துரைக்கு இருமல் வந்தது. கிளார்க் அதற்குள், "உம்ம பிள்ளை திருடினான்ங்கறார்" என்றார்.

"எலே, களவாணிப் பயலே!" அய்யாவின் கை என் கன்னத்தில் இறங்கியது.

இருமல் அடங்கியதும் துரை மீதியைச் சொன்னார். கிளார்க்கின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அவசரப்பட்டுட்டேன். இவன் திருடினான்ங்கறது பச்சைப் பொய்னுதான் துரை சொல்றார்."

கிளார்க்கை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அவருக்குத் தெரிந்தது பாதி வாக்கியம்தான். அய்யாவுக்கு என்னைப் பிறந்ததிலிருந்தே தெரியும்.